மூன்று மாயாவிகள்

இத்திங்கள் நம் படக்கதைப் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று, பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் வாழும் ஓர் அன்னையார் எழுதியது. அவர் இல்லத்தில் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறதாம். ‘மாயாவி என்பவன் யார்?’ என்பதே அவ்வழக்கு. வலக்கை இரும்பினால் ஆனவன், மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்கு மறைபவன் என்று சாதிக்கிறார் அவருடைய கணவர். இல்லை, மண்டையோட்டுக் குகையில் வீற்றிருக்கும் முகமூடி வீரரே மாயாவி என்று மறுக்கிறார் பொள்ளாச்சியிலிருந்து வந்து போகும் தம்பி. மலையாளப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் மகளோ, தந்தையையும் மாமனையும் பார்த்துச் சிரித்துவிட்டு, மாயாவி என்பவன் குப்பியில் அடைபட்டிருந்த ஒரு நல்ல குட்டிச்சாத்தான் என்கிறாளாம். மூவரில் யார் சொல்வது மெய் என்று நாம் தீர்ப்புக் கூறவேண்டும் என அன்னையார் கேட்டிருக்கிறார்.

தீர்ப்புக் கூறுவது எளிது. மூவர் சொல்வதும் மெய்யே. ஆனால், அவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இப்பகுதியின் வேலை தீராது. ஒரே பெயரைத் தாங்கிய மூன்று வீரர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வது எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பத்திற்கே வாய்த்த பேறு. கோயம்புத்தூர்க்காரருக்கு மூன்றாமவன் தெரியாது. திருச்சூர்க்காரருக்கு முதலிருவர் தெரியார். ஆகவே மூவரையும் முறையாக அறிமுகம் செய்துவைத்து, அதன் பின் நம் இளைஞர்கள் ஓயாமல் கேட்டுவரும் ‘கூட்டு வீரர் கதை’களைப் பற்றியும் என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

முதல் மாயாவி இரும்புக்கை மாயாவி. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, முல்லை தங்கராசன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். இவனுடைய பிறப்பிடம் இங்கிலாந்து. அங்கே ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இவன் தோன்றினான். இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்தான். இரும்புக்கை ஒன்றைப் பொருத்திக்கொண்டான். மற்றொரு விபத்தில் உடலில் மின்சாரம் பாய்ந்தபோது, இரும்புக்கை ஒன்று நீங்கலாக உடல் முழுதும் மறைந்து போயிற்று. தொடக்கத்தில் இவன் நல்லவனும் அல்லன். கிடைத்த ஆற்றலைக் கண்டு மதிமயங்கி ஊரைக் கலக்கியவன். பின்னரே திருந்தி, ‘நிழற்படை’ என்னும் மறைவான காவற்படையில் சேர்ந்து நாட்டுக்கு உழைத்தான். இவனுக்கு உருவம் தந்த ஓவியர் இயேசு பிளாஸ்கோ, பார்சலோனா நகரத்து ஸ்பானியர். ஆக, ஸ்பானியர் வரைய, ஆங்கிலேயர் கதை எழுத, சிவகாசியில் அச்சாகி, மீனாட்சிபுரம் வரையில் வந்து சேர்ந்தவன் இம்மாயாவி.

இரண்டாம் மாயாவியைத் தமிழர்க்கு அப்பெயரால் பழக்கியது ராணி காமிக்ஸ். 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கிய அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. ஆயினும் அதன் பழம் பிரதிகள் நம்மவர் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. அதிலே ‘முகமூடி வீரர் மாயாவி’ என்று வந்தவர், உலகெங்கும் ‘ஃபாண்டம்’ என்று அறியப்படுபவர். அமெரிக்கரான லீ ஃபாக் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கிய நாளிதழ்த் தொடரில் பிறந்தவர். இவர் மறைவதும் இல்லை, பறப்பதும் இல்லை. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று வழிவழியாக ஒரே முகமூடியை அணிந்து வருவதால், காட்டு மக்கள் இவரைச் சாவே இல்லாதவர் என்று நம்புகின்றனர். இப்போதுள்ளவர் இருபத்தொன்றாம் தலைமுறை. இவர் வாழும் நாட்டின் பெயர் ‘பெங்காலா’. நம் நாட்டில் 1964 முதல் 1990 வரை வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ், அதனை ‘டெங்காலி’ என மாற்றிக்கொண்டது. எல்லை தாண்டும்போது பெயர் மாறுவது மனிதருக்கு மட்டும் நேர்வதன்று போலும்!

மூன்றாம் மாயாவி மலையாளத்தான். ‘பாலரமா’ இதழில் 1984ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருப்பவன். அவ்விதழின் ஆசிரியராக விளங்கிய என். எம். மோகன் அவர்களின் படைப்பு. டாகினி என்னும் சூனியக்காரியும் குட்டூசன் என்னும் மந்திரவாதியும் இவனைப் பிடித்து அடிமையாக்க ஓயாமல் முயல்கின்றனர். குப்பியிலிருந்து இவனை விடுவித்த ராஜு, ராதா என்னும் இரு சிறுவர்களுக்கு இவன் உற்ற துணை. ஆபத்து நேரும்போது அவர்கள் மந்திரம் சொல்லி அழைப்பார்கள். இவன் வந்து நிற்பான். எதிர்த்தரப்பில் ஈட்டியின் மேலேறிப் பறக்கும் லுட்டாப்பி என்னும் குறும்பன் ஒருவன் உண்டு. வில்லனின் கையாளாக வந்த இந்த லுட்டாப்பியின் மீதுதான் கேரளத்துப் பிள்ளைகளுக்கு மாயாவியைக் காட்டிலும் மிகுந்த பிரியம். 2019இல் புதிய பாத்திரம் ஒன்று நுழைந்தபோது, லுட்டாப்பியை நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, வளர்ந்த இளைஞர்களும் இணையத்தில் கூக்குரல் எழுப்பினார்கள். தோற்றுக்கொண்டே இருப்பவன் மேல் அன்பு கொள்வது மக்கள் இயல்பு.

‘மாயாவி’ என்னும் பெயர் இம்மூவருக்கும் முற்பட்டது. இராமாயணத்தில் வாலியைப் போருக்கு அழைத்துக் குகைக்குள் ஓடி மறைந்த அசுரனின் பெயரும் மாயாவியே. அசுரனுக்குரிய பெயரை வீரனுக்குச் சூட்ட நம்மவர் தயங்கவில்லை. மறைந்து நிற்பவன் தீயவனாகத்தான் இருக்கவேண்டும் என்ற பழைய அச்சத்தை மாற்றி, மறைந்து நின்று நன்மை செய்பவனும் இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்டியது படக்கதை.

இனி, இம்மூவருக்கும் பெயரல்லாமல் வேறொரு பொதுத்தன்மையும் உண்டு. அது அவர்களுடைய ஆற்றல் அன்று, அவர்களுடைய குறை. இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் வேண்டும். மின்விளக்கோ, கம்பியோ அருகில் இல்லாவிட்டால் அவன் நம்மைப்போல் ஒருவனே. மறைந்த பின்பும் அக்கை வெளியே தெரிந்துகொண்டிருக்கும். பகைவன் அதைக் குறிபார்த்துச் சுடலாம். முகமூடி வீரர் துப்பாக்கிக் குண்டுக்கு இரத்தம் சிந்துபவர். அவருடைய அழியாமை பிறர் கொண்ட நம்பிக்கையில் இருக்கிறதே ஒழிய உடம்பில் இல்லை. குட்டி மாயாவியோ ஒரு குப்பிக்கு அஞ்சவேண்டியவன். கதையைப் படிக்கும் பிள்ளை பக்கத்தைப் புரட்டுவது வீரனின் ஆற்றலைக் காண அன்று. அக்குறை இம்முறை எப்படி அவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறது, அவன் எப்படித் தப்பப் போகிறான் என்பதை அறியத்தான். இதுவே வீரர் கதைகளை அளக்க நான் வைத்திருக்கும் முழக்கோல். இக்கோலால் அளந்தே கூட்டு வீரர் கதைகளைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

வெவ்வேறு கதைகளில் வாழும் வீரர்களை ஒரே கதையில் சந்திக்க வைப்பதைத்தான் ‘கிராஸ்ஓவர்’ என்று நம் இளைஞர்கள் குறிப்பிடுகிறார்கள். இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ரயில்வே ஊழியனாகிய எனக்கு எங்கள் ‘கிராசிங்’ நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்வது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நடுவழியில் சந்திக்க முடியாது; ஒரு நிலையத்தில்தான் சந்திக்க முடியும். அங்கும் ஒரு வண்டி பக்கத்திலுள்ள ‘லூப்’ பாதையில் ஒதுங்கி நிற்கவேண்டும். மற்றது கடந்து செல்லவேண்டும். இரண்டும் நானே முதல் என்று வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கதையில் இரு வீரர்கள் சந்திப்பதும் இத்தகையதே. ஒருவர் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். யார் ஒதுங்குவது, எவ்வளவு நேரம் ஒதுங்குவது என்பதை ஆசிரியர் முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல சான்று காட்டுகிறேன். 1977ஆம் ஆண்டு முகமூடி வீரருக்கும் டயானாவுக்கும் திருமணம் நடந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் வாசகர் காத்திருந்த திருமணம். அத்திருமணத்திற்கு லீ ஃபாக்கின் மற்றொரு படைப்பாகிய மந்திரவாதி மாண்ட்ரேக்கும் அவருடைய தோழர் லோதாரும் விருந்தினராக வந்தனர். மாண்ட்ரேக் 1934இல் பிறந்தவர். முகமூடி வீரருக்கு இரண்டாண்டு மூத்தவர். அவ்வளவு புகழ் வாய்ந்தவர், வந்தார், வாழ்த்தினார், ஒதுங்கி நின்றார். ஒரு குடும்பத்துத் திருமணத்தில் பெரியப்பா வந்து முன்வரிசையில் அமர்ந்தால் பந்தலுக்கு எவ்வளவு நிறைவு உண்டாகுமோ அவ்வளவு நிறைவு அச்சிறு வருகையால் உண்டாயிற்று. கூட்டுக் கதையின் இலக்கணம் இதுவென்பேன்.

இதற்கு எதிர்ச்சான்று 1976ஆம் ஆண்டில் வந்தது. டிசி, மார்வெல் என்னும் இரண்டு போட்டி நிறுவனங்களும் கைகோத்து, சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே இதழில் மோதவிட்டன. வெளியீட்டு உலகில் அது பெரிய நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் கதைக்கு ஓர் இடர் இருந்தது. மலையைத் தூக்கும் சூப்பர்மேனோடு, சுவரேறும் இளைஞன் ஒருவன் எவ்வாறு பொருத முடியும்? அதனால் வில்லன் லெக்ஸ் லூதரின் கருவியிலிருந்து சிவப்புக் கதிரவனின் கதிர் பாய்ந்து, சிறிது நேரம் ஸ்பைடர்மேனுக்குப் பெரும் பலம் வந்துவிட்டதாக எழுதவேண்டியதாயிற்று. சண்டை நடந்தது, ஆனால் அது ஸ்பைடர்மேனின் சண்டையாக இல்லை. அவனுடைய குறையை எடுத்துவிட்ட அக்கணமே அவனையும் எடுத்துவிட்டார்கள். தராசைச் சமன் செய்யப் படிக்கல்லை மாற்றிவைக்கும் கடைக்காரரின் வேலைக்கும் இதற்கும் வேறுபாடு காணேன்.

இவ்விரு நிறுவனங்களும் 2003-2004இல் தங்கள் வீரர் படைகள் இரண்டையும் சேர்த்து ஒரு தொடர் வெளியிட்டன. அதன் பின் நெடுங்காலம் விலகியிருந்து, 2025ஆம் ஆண்டு மீண்டும் இணைந்து, பேட்மேனையும் டெட்பூலையும் சந்திக்க வைத்தன. செப்டம்பரில் மார்வெல் ஓர் இதழும் நவம்பரில் டிசி ஓர் இதழும் வெளியிட்டன. ஒருவர் சிரிக்கவே தெரியாதவர். மற்றவர் வாயை மூடவே தெரியாதவர். பலத்தை விட்டு இயல்பை மோதவிட்ட இந்த ஏற்பாடு, 1976ஆம் ஆண்டு ஏற்பாட்டைக் காட்டிலும் அறிவுடையது என்றே கருதுகிறேன். ஆயினும், ஒருவர் மடிந்தாலும் அடுத்த திங்களே எழுந்து வருவார் என்பது வாசகனுக்கு முன்னரே தெரிந்திருக்கும் கதைகளில் எத்தனை வீரர் கூடினாலும் நெஞ்சு பதறுவதில்லை. கூட்டம் பெருகப் பெருக அஞ்சுவதற்குரிய பொருள் குறைந்துகொண்டே போகிறது.

நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. இந்தியில் வரும் ராஜ் காமிக்ஸில் நாகராஜும் சூப்பர் கமாண்டோ துருவாவும் பல கதைகளில் சேர்ந்து வந்துள்ளனர். நாகராஜின் உடலில் எண்ணற்ற பாம்புகள் குடியிருக்கின்றன. துருவாவுக்கோ இயல்பு கடந்த ஆற்றல் எதுவும் பெரிதாக இல்லை. சர்க்கஸில் வளர்ந்த உடற்பயிற்சியும் கூரிய அறிவும் விலங்குகளோடு பழகும் திறமுமே உண்டு. பலமுள்ளவனோடு அறிவுள்ளவனைச் சேர்த்த அக்கூட்டு, இருவர் குறையையும் இருவரிடமே விட்டுவைத்தது. வடநாட்டுப் பிள்ளைகள் அதனை விரும்பிப் படித்ததில் வியப்பில்லை.

இனி, எல்லை தாண்டி வந்த வீரர்களைப் பற்றி ஒரு சொல். 2004ஆம் ஆண்டில் ஸ்பைடர்மேனை இந்தியனாக்கி, ‘பவித்ர் பிரபாகர்’ என்று பெயரிட்டு, மும்பையில் வாழவைத்து, வேட்டி அணிவித்து ஒரு தொடர் வெளியிட்டார்கள். பீட்டர் பவித்ர் ஆனார். சித்தி மே ‘மாயா’ ஆனார். பென் ‘பீம்’ ஆனார். பெயர்கள் எல்லாம் மாறின. கதையின் எலும்புக்கூடு மட்டும் அமெரிக்காவிலேயே இருந்தது. அதனால் அது நம் நெஞ்சில் ஒட்டவில்லை. அதே பவித்ர், 2023இல் வந்த ஸ்பைடர்மேன் சித்திரத் திரைப்படத்தில், மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த ‘மும்பாட்டன்’ நகரத்தில் தன் நகைச்சுவையோடும் தன் செருக்கோடும் தோன்றியபோது, பிற உலகத்து ஸ்பைடர்மேன்களுக்கு நடுவே தனித்து நின்றான். பெயரை மாற்றுவது குடியேற்றம் ஆகாது. வந்த இடத்தில் தனக்கென ஒரு பேச்சும் தனக்கென ஒரு வீம்பும் உண்டானபோதுதான் குடியேறினவன் ஆகிறான். இதை நம்மைவிட யார் நன்கு அறிவார்?

இவ்விடத்தில் நம் இரும்புக்கை மாயாவிக்குத் திரும்புவோம். இவனைப் பெற்ற ‘வேலியண்ட்’ இதழ் 1976இல் மறைந்தது. தமிழர் கொண்டாடிய ஸ்பைடரையும் ரோபோ ஆர்ச்சியையும் பெற்ற ‘லயன்’ என்னும் ஆங்கில இதழ் அதற்கு முன்பே, 1974இல், மறைந்தது. பிறந்த நாட்டில் அவ்வீரர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டில் ‘ஆல்பியன்’ என்றொரு ஆறு இதழ்த் தொடர் வந்தது. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினர். பழைய ஆங்கிலப் படக்கதை வீரர்கள் யாவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்றும், அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைச் சிறையில் மறைத்துவைத்திருக்கிறது என்றும் அக்கதை கூறும். நம் மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதில் இடம்பெறுகின்றனர். கூட்டு வீரர் கதைகளுள் என் உள்ளத்தை மிகவும் தொட்டது இதுவே. மறதி என்பதும் ஒரு சிறை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஆனால் அக்கதையை எழுதியவர்கள் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. சிறையில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அவ்வீரர்கள் அதே காலத்தில் சிவகாசியில் உயிரோடு உலவிக்கொண்டிருந்தார்கள். முத்து காமிக்ஸும், 1984ஆம் ஆண்டு ஜூலையில் எஸ். விஜயன் அவர்கள் தொடங்கிய லயன் காமிக்ஸும் அவர்களைத் தமிழ் பேசவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கவைத்தன. பெற்ற ஊர் மறந்தது. வந்த ஊர் வளர்த்தது.

ஸ்பைடரின் வரலாறு இன்னும் வியப்பானது. 1965இல் தொடங்கிய அத்தொடர், குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக விரும்பும் ஒருவனைத் தலைவனாகக் கொண்டது. பின்னர் அவன் தீயவர்களை எதிர்ப்பவனாக மாறினான். டெட் கோவன் தொடங்கிய அக்கதையைத் தொடர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? ஜெரி சீகல்! 1938இல் தோழர் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்கு அளித்தவர். சூப்பர்மேனின் உரிமையை அவ்விருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். விற்றவர் வறுமையில் வாடினார். வாங்கினவர் செல்வத்தில் திளைத்தார். பெரும் போராட்டத்திற்குப் பின் 1975இல்தான் அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் படைத்தவர் என்ற பெயரும் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில், பிழைப்பை நாடிக் கடல் கடந்த இதழொன்றுக்குப் பெயரின்றி எழுதினார் சீகல். அவ்வெழுத்தே ஸ்பைடராகத் தமிழுக்கு வந்தது. சூப்பர்மேனைப் பெற்றவரின் கதையைப் படிக்கிறோம் என்பதை அறியாமலே தென்தமிழ் நாட்டுப் பிள்ளைகள் மரநிழலில் அமர்ந்து படித்தார்கள். பிழைப்புக்காக வேற்றிடத்தில் பெயரின்றி உழைப்பது என்றால் என்னவென்று நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. படக்கதையைப் படிக்கும் பிள்ளைக்கு, வீரனின் பெயரோடு அவனை எழுதியவர், வரைந்தவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று மாயாவிகளும் ஒரு கதையில் சந்தித்தால் எப்படியிருக்கும் என்று எனக்கும் ஓர் ஆசை உண்டு. நம் மீனாட்சிபுரத்தையே களமாக வைத்துக்கொள்வோம். இடவப்பாதி மழையில் மின்சாரம் போய்விடுகிறது. இரும்புக்கை மாயாவி மறைய வழியில்லை. முகமூடி வீரரின் பெயர் கேட்டு நடுங்கும் காட்டு மக்கள் இங்கே இல்லை. சோதனைச் சாவடியில் அவரை நிறுத்தி, முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். குட்டி மாயாவி ஒருவனே இவ்வூர்க்காரன். ஆனால் அவனை அழைக்கும் மந்திரம் ராஜுவுக்கும் ராதாவுக்கும் அல்லவா தெரியும்? ஆகவே இரண்டு பெரிய வீரர்களும் ஒரு சிறுமியின் துணையை நாடவேண்டியிருக்கும். அச்சிறுமி, மடல் எழுதிய அன்னையாரின் மகளாகவே இருக்கட்டும். தந்தையின் மாயாவியோடு தமிழிலும், தன் மாயாவியோடு மலையாளத்திலும் பேசி, இருவருக்கும் இடையே நின்று சொல் மாற்றிக்கொடுக்க அவளால்தான் இயலும். அக்கதையில் வீரர் எவரும் தலைவர் அல்லர். இருமொழி அறிந்த அப்பிள்ளையே தலைவி.

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. அம்மகள் தந்தையோடு தமிழில் பேசுகிறாள். ஆனால் தந்தையின் மாயாவியைப் படிக்க அவளால் முடியவில்லை என்று அன்னையார் மடலின் இறுதியில் எழுதியிருக்கிறார். நம் வீடுகள் பலவற்றில் இதுவே நிலை. பேச்சு உண்டு, எழுத்து இல்லை. மலையாளத்தில் ‘க’ வரிசைக்கு நான்கு எழுத்துகள் பழகிய பிள்ளை, தமிழில் ஒரே எழுத்தைக் ‘கண்’ என்பதில் ஒருவகையாகவும் ‘காந்தி’ என்பதில் வேறுவகையாகவும் ஒலிக்கவேண்டி வரும்போது திகைக்கிறது. பாடப்புத்தகத்தில் இத்திகைப்பு அச்சமாக மாறுகிறது. படக்கதையிலோ அவ்வாறு ஆவதில்லை. பேச்சுக் கூட்டுக்குள் ஐந்தாறு சொற்களே இருக்கும். யார் பேசுகிறார், என்ன நடக்கிறது என்பதைப் படம் சொல்லிவிடும். காதால் கேட்டறிந்த சொல்லைக் கண் எளிதில் பற்றிக்கொள்ளும். ‘டமால்’, ‘விர்ர்’, ‘ணங்’ என்று பெரிய எழுத்தில் கிடக்கும் ஒலிக்குறிப்புகளை எழுத்துக் கூட்டுகிறோம் என்னும் எண்ணமே இல்லாமல் பிள்ளை கூட்டிப் படித்துவிடும்.

இதற்காகப் பாலரமாவைப் பிடுங்கிவைக்க வேண்டா. அது நல்ல இதழ். பிள்ளையின் பள்ளித்தோழர்கள் படிப்பது. வாழும் மண்ணின் மொழி அதில் இருக்கிறது. அதில் வந்த கதையைப் பிள்ளை தமிழில் தந்தைக்குச் சொல்லட்டும். இரும்புக்கை மாயாவியைத் தந்தை உரக்கப் படிக்க, பிள்ளை பக்கத்தில் அமர்ந்து விரலால் தொட்டு வரட்டும். முதலில் ஒலிக்குறிப்புகளைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பின்னர் வில்லனின் பேச்சை விட்டுவிடுங்கள். வீரனின் பேச்சைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

வாங்கும் வகையைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்னாளைப் போல் இவை பெட்டிக்கடைகளில் தொங்குவதில்லை. முத்து, லயன் வெளியீடுகள் இந்நாளில் பெரும்பாலும் சந்தா வழியாகவும், புத்தகக் காட்சிகளிலும், இணைய வழியிலும் கிடைக்கின்றன. வண்ண அச்சும் நல்ல தாளும் வந்துவிட்டதால் விலையும் ஏறியிருக்கிறது. டெக்ஸ் வில்லர், லக்கி லூக், தோர்கல் போன்ற ஐரோப்பிய வீரர்களே இப்போது முன்னணியில் நிற்கிறார்கள். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர், மாயமில்லாதவர், குறிதவறாத துப்பாக்கியும் மனம் கோணாத தோழர்களுமே அவருடைய ஆற்றல். பெரியவர்களுக்கு ஏற்ற கதைகள் அவற்றில் பல. துப்பாக்கிச் சண்டை மிகுதி. சிறு பிள்ளைகளுக்கு லக்கி லூக்கின் நகைச்சுவையும் பழைய இரும்புக்கை மாயாவியும் போதும். வாங்கியவுடன் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது நலம்.

ஒரு குடும்பம் தனித்துச் சந்தா கட்ட இயலாவிட்டால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கட்டலாம். இதழ் ஒரு வீட்டில் பத்து நாள் இருந்து அடுத்த வீட்டுக்குப் போகலாம். கைப்பேசியில் இலவசமாக உலவும் களவுப் படிகளை மட்டும் நாடவேண்டா. சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு, வாசகரின் சந்தாவை நம்பி மூச்சுவிடும் முயற்சி அது. நாம் காசு கொடுக்காமல் படித்து, அது நின்றுபோனால், ஆங்கிலேயர் மறந்த வீரனைத் தமிழரும் மறந்தார் என்ற பெயர் நமக்கு வரும்.

ஆகவே, அன்னையாரின் வழக்குக்கு என் தீர்ப்பு இது: மூன்று மாயாவிகளும் மெய்யானவர்களே, மூவரும் அவ்வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஆனால் முதலிருவரின் இதழ்கள் பரணிலிருந்து இறங்கி, மகளின் கைக்கு எட்டும் தட்டில் இருக்கவேண்டும். கணவரும் தம்பியும் அடுத்த ஞாயிறு முதல் ஆளுக்கு நான்கு பக்கம் அவளோடு அமர்ந்து படிக்கக் கடவர். செலவுத்தொகை இரு தரப்பாரும் சமமாக ஏற்பது.

அடுத்த திங்கள் லக்கி லூக்கையும், தன் நிழலையே முந்திச் சுடும் அவனுடைய ஐரோப்பியப் பிறப்பையும் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன். அதற்குள், தங்கள் வீட்டுப் பிள்ளை தமிழில் தானாகப் படித்த முதல் படக்கதைச் சொல் எது என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறேன். ‘டமால்’ என்று இருந்தாலும் குற்றமில்லை.